1877இல் கிள்ளான் கரையோரம் கடந்துபோன மிதக்கும் வீடு: 'சன்பீம்' பாய்க்கப்பலில் வாழ்ந்த அன்னா பிராஸி யார்?

கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒரு காணொளி உங்கள் கண்ணில் கண்டிப்பாகப் பட்டிருக்கும். ஒரு ஜோடி வேலையை விட்டுட்டு, வீட்டை வித்துட்டு, ஒரு பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிடுவாங்க. காலையில் ஒரு தீவு, சாயங்காலம் இன்னொரு தீவு. பின்னணியில் நீலக் கடல். எல்ஆர்டியில் நின்றுகொண்டே கே.எல். சென்ட்ரல் வரும் நேரத்தில் அதைப் பார்த்தால், நாமளும் இப்படிக் கிளம்பிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செய்யும்.

இது இன்றைக்கு வந்த ஆசை இல்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் தன் கணவர், பிள்ளைகள், வளர்ப்புப் பிராணிகள் எல்லாவற்றையும் பாய்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தார். தஹிடி, ஹவாய், சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு, இலங்கை என்று தீவு தீவாக, துறை துறையாக இறங்கினார். மலாக்காவில் இருந்து பினாங்கு போகும் வழியில், உங்கள் கிள்ளான் கரையையும் அவர் கப்பல் கடந்து போயிருக்கிறது. அவர் எழுதிய பயணக் கதையை அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு படித்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, அதே கப்பலில், நடுக்கடலில் அவர் உயிர் போனது. அவர் பெயர் அன்னா பிராஸி. அவருடைய கதையில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. எப்படின்னு பார்க்கலாம்.

யார் இந்த அன்னா?

1839 அக்டோபரில் லண்டனில் பிறந்தவர். பிறந்தபோது அன்னா ஆல்நட். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தையோடு ரொம்ப நெருக்கம். பின்னாளில் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தத் தந்தைக்குத்தான் நீளநீளமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களும் குறிப்புகளும்தான் பிறகு புத்தகமாயின.

உடம்பு ஒருபோதும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. மார்புச் சளித் தொல்லை சிறு வயதில் இருந்தே உண்டு. திருமணத்துக்கு முன் ஒருமுறை அவர் உடுத்தியிருந்த விரிந்த பாவாடையில் தீப்பிடித்து மோசமாகக் காயப்பட்டார். தேறி எழ ஆறு மாதம் ஆனது. அப்படிப்பட்டவர்தான் பின்னாளில் எரிமலை விளிம்பு வரை குதிரையில் போய் எட்டிப் பார்த்தார்.

1860இல் தாமஸ் பிராஸியைத் திருமணம் செய்துகொண்டார். இந்தக் குடும்பப் பெயரில்தான் பணம் இருந்தது. மாமனார் பெயரும் தாமஸ் பிராஸிதான். அவர் ரயில் பாதை போடும் ஒப்பந்ததாரர். பிரிட்டனில் மட்டும் இல்லை, பல நாடுகளில் தண்டவாளம் போட்டவர். 1870இல் அவர் இறந்தபோது, உலகத்தில் இருந்த ஒவ்வொரு இருபது மைல் ரயில் பாதையிலும் ஒரு மைல் அவர் போட்டது என்று கணக்குச் சொல்வார்கள். அவர் விட்டுப்போன சொத்து ஐந்து மில்லியன் பவுண்டுக்கும் மேல்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரயில் கதை புதுசு இல்லை. அந்த வட்டாரமே செங்கல் சூளையாலும் ரயிலாலும் உருவானது. அங்கே தண்டவாளம் போட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு குவார்ட்டர்ஸ் அறை. லண்டனில் தண்டவாளம் போடும் ஒப்பந்தத்தை எடுத்தவர் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு கப்பல்.

கப்பலா, வீடா?

கணவர் தாமஸ் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் மனசு கடலில். சொந்தக் கப்பலுக்குத் தானே தலைவனாக இருக்க வேண்டும் என்று, மாலுமிகளுக்கான அரசாங்கத் தேர்வை எழுதி கப்பித்தான் சான்றிதழ் வாங்கியவர். சொகுசுப் படகு வைத்திருக்கும் பணக்காரர்களில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான்.

இவர்கள் முதலில் 'மீட்டியர்', 'இயோதென்' என்ற படகுகளில் பயணம் போனார்கள். 1874இல் புதிதாக ஒரு கப்பல் கட்டினார்கள். மூன்று பாய்மரங்கள், சுமார் 159 அடி நீளம், 532 டன். காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு நீராவி இயந்திரமும் உண்டு. அதற்கு வைத்த பெயர் 'சன்பீம்'. சூரியக் கதிர் என்று அர்த்தம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. அன்னாவுக்கு ஐந்து பிள்ளைகள். அதில் கான்ஸ்டன்ஸ் என்ற மகள் 1873இல் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டில் அவளைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர்தான் சன்பீம். கப்பலின் முகப்பில் வைத்த தங்க நிறச் சிலையும் அந்தக் குழந்தையின் நினைவாகத்தான். அந்த முகப்புச் சிலை இன்றைக்கு லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படிப் பார்த்தால், இறந்த மகளின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, உயிரோடிருந்த நான்கு பிள்ளைகளையும் உள்ளே ஏற்றிக்கொண்டு ஒரு தாய் கடலுக்குக் கிளம்பினார்.

முதல் வாரமே கடல் காட்டிய முகம்

1876 ஜூலையில் சன்பீம் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. கப்பலில் மொத்தம் 43 பேர். குடும்பமும் விருந்தினர்களும் சேர்ந்து பத்து, பன்னிரண்டு பேர்தான். மீதி முப்பது பேருக்கு மேல் மாலுமிகள், இயந்திர ஆட்கள், சமையல்காரர்கள், பணிப்பெண்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதி. மூத்த மகனுக்கு 13 வயது. கடைக்குட்டி மேரிக்கு நடையே சரியாக வரவில்லை. நாய்களும் பறவைகளும் வேறு.

முதல் வாரமே கடல் தன் முகத்தைக் காட்டியது. ஒரு பெரிய அலை மேல்தளத்தில் புரண்டு ஏறி, அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பெரியவர்கள் எட்டிப் பிடித்ததால் தப்பித்தார்கள். அன்று ராத்திரி அன்னாவின் படுக்கைக்குள்ளேயே கடல் தண்ணீர் கொட்டியது. இன்னொன்றும் சொல்லணும். அவருக்குக் கடல் பயணம் என்றாலே குமட்டல். அது அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அவர் போனார், போய்க்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 28ஆம் தேதி தென் அமெரிக்காவின் படகோனியா கரைக்கு அப்பால் ஒரு கப்பல் ஆபத்துக் கொடி காட்டி நின்றது. 'மங்க்ஸ்ஹேவன்' என்ற சரக்குக் கப்பல். உள்ளே நிலக்கரி. அந்த நிலக்கரி தானாகவே சூடேறி எரிய ஆரம்பித்திருந்தது. தளத்துக்குக் கீழே நெருப்பு, சுற்றிலும் கடல். சன்பீம் பக்கத்தில் போய் அந்த 15 பேரையும் ஏற்றிக்கொண்டது.

கேட்க வீரக்கதை மாதிரி இருக்கும். ஆனால் கப்பலில் குடியிருப்பவர்களுக்கு அது உடனே ஒரு சமையலறைக் கணக்கு. 43 பேருக்கு அளந்து ஏற்றிய குடிதண்ணீரும் சாப்பாடும் இருக்கும்போது, திடீரென்று 15 பேர் கூடினால் என்ன செய்வீங்க? கடலில் கடை கிடையாது. தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். மெகல்லன் நீரிணையில் எதிரே வந்த தபால் கப்பலில் அவர்களை ஏற்றி அனுப்பும் வரை இப்படித்தான் ஓடியது.

பசிபிக் தீவுகள்: காற்றைப் படிக்கத் தெரிந்தால்தான் பயணம்

சிலி நாட்டின் வால்பரைசோவில் இருந்து அக்டோபர் கடைசியில் கிளம்பி, பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டினார்கள். தஹிடி வந்து சேர டிசம்பர் ஆரம்பம் ஆகிவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேல் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இவ்வளவு தூரத்தைப் பாயை நம்பி எப்படிப் போனார்கள்? வெப்பமண்டலக் கடலில் பூமத்திய ரேகைக்கு இரண்டு பக்கமும், வருஷம் முழுக்கக் கிழக்கில் இருந்து மேற்காக ஒரே சீராக வீசும் காற்று உண்டு. பழைய கப்பல்காரர்கள் அதை நம்பித்தான் வியாபாரம் செய்தார்கள். அதற்கு வணிகக் காற்று என்று பெயர். அந்தக் காற்றைப் பிடித்துவிட்டால் நாள் கணக்கில் பாயைத் தொடவே வேண்டாம். அதைத் தவறவிட்டு, பூமத்திய ரேகையை ஒட்டிய காற்றில்லாத பகுதியில் மாட்டினால் கப்பல் அசையாது, வெயில் மட்டும்தான் அசையும். அப்போதுதான் நீராவி இயந்திரம் கைகொடுக்கும். இந்த முழுப் பயணத்தில் சன்பீம் ஓடியது சுமார் 35,000 மைல். அதில் பாதிக்கும் மேல் பாயில் போன தூரம்.

தஹிடியின் பழமும் மீனும் நிறைந்த அங்காடி, பவளப்பாறைக்குள் அடங்கிக் கிடக்கும் அமைதியான நீர், இவற்றை எல்லாம் அன்னா ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். ஹவாயில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கிலாவேயா எரிமலையைப் பார்க்கப் போனார். அங்கிருந்து ஜப்பான். 1877 பிப்ரவரியில் கோபே நகரத்துக்கும் கியோட்டோவுக்கும் இடையே புதிய ரயில் பாதையை ஜப்பானியப் பேரரசர் திறந்துவைத்தபோது அன்னாவும் கூட்டத்தில் இருந்தார். ரயில் குடும்பத்து மருமகள் அதை விடுவாரா?

தினமும் பொழுது விடியும் முன்பே எழுந்து எழுதுவது அவர் வழக்கம். கூடவே புகைப்படம். 1870களில் படம் எடுப்பது என்றால் பெரிய பெட்டியும் கண்ணாடித் தகடும் மருந்தும் சுமக்க வேண்டும். அவர் தானும் எடுத்தார், போகும் ஊரில் எல்லாம் விலைக்கும் வாங்கினார். அப்படிச் சேர்ந்த 70 தொகுப்புகள் இன்றும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம்ம கடலுக்கு வந்தபோது

1877 மார்ச்சில் சன்பீம் சிங்கப்பூருக்கு வந்தது. அப்போது நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் வில்லியம் ஜெர்வாய்ஸ். ஜொகூரில் மகாராஜா அபு பாக்கார் விருந்து வைத்தார். பிறகு கப்பல் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, மலாக்காவில் நின்று, பினாங்குக்குப் போனது. அங்கிருந்து இலங்கையின் காலி, கொழும்பு, கண்டி.

மலாக்காவுக்கும் பினாங்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வரைபடத்தைப் பாருங்க, சிலாங்கூர்தான். கிள்ளானுக்கு அப்பால் கடலடியில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. ஒரு பாக ஆழமே உள்ள திட்டு என்பதால் கப்பல்காரர்களுக்கு அதைக் கண்டால் பயம். 1870களிலேயே அங்கே கலங்கரை விளக்கு ஒன்று நின்றது. இந்த நீரிணையில் இன்னொரு தொல்லை, காற்று. பெரும்பாலும் காற்றே இருக்காது. திடீரென்று நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். மாலுமிகள் அந்தக் காற்றுக்கே 'சுமத்ரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிள்ளானில் இருப்பவர்களுக்கு அதிகாலையில் ஜன்னல் படபடன்னு அடிக்கும் அந்த மழை நன்றாகவே தெரியும்.

இறங்கிப் பார்க்கும்படி கிள்ளானில் அப்போது பெரிய ஊர் எதுவும் இல்லை. ஆங்கிலேய ரெசிடென்ட் கிள்ளானில்தான் உட்கார்ந்திருந்தார். 1880இல்தான் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாறியது. கோலாலம்பூர், யாப் ஆ லோய் எழுப்பிக்கொண்டிருந்த ஈயச் சுரங்க ஊர். ரயில் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே கிடையாது. வடக்கே பேராக்கில் காயம் ஆறாத நேரம். ரெசிடென்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டது 1877 ஜனவரி 20. சன்பீம் இந்தப் பக்கம் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

ஒரு குடும்பம் பிள்ளைகளோடு நிம்மதியாகத் துறைமுகம் துறைமுகமாக நின்று போக முடிந்ததற்குப் பின்னால் ஒரு பேரரசின் பீரங்கிகள் இருந்தன. அவர்கள் இறங்கிய துறைகள் பலவற்றில் பறந்தது அவர்கள் கொடி, அவர்களை வரவேற்றது பல இடங்களில் அவர்கள் நாட்டு ஆளுநர். அன்னாவின் பயணத்தைப் படிக்கும்போது இதை மறந்துடக் கூடாது.

அதே கடல், வேறு கப்பல்

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி. 1877இல் உங்கள் கொள்ளுப்பாட்டன், எள்ளுப்பாட்டன் எங்கே இருந்தார்?

சிலருடைய முன்னோர் அதே ஆண்டுகளில் அதே கடலில்தான் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார்கள். பெரும்பாலோர் போனது இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் இடத்தில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு. ஒப்பந்தக் கூலி முறை. பயணச் செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்படும், கூலியில் கழியும். அந்த முறை 1910இல்தான் ஒழிந்தது.

அவர்களும் கப்பலில்தான் பல நாள் இருந்தார்கள். மேல்தளத்தில், சட்டியும் மூட்டையும் பாயுமாக. இந்தப் பாய் காற்றுக்கு விரிக்கிற பாய் இல்லை, படுக்க விரிக்கிற பாய். அவர்களுக்கும் குமட்டல் வந்திருக்கும், மழை நனைத்திருக்கும், குழந்தைக்குத் தண்ணீர் போதாமல் இருந்திருக்கும். ஆனால் அவர்களில் யாரும் விடியும் முன் எழுந்து நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அச்சிட ஆள் இல்லை. அதனால் 1877இன் மலாக்கா நீரிணை எப்படி இருந்தது என்று தேடினால், பணக்காரச் சீமாட்டியின் பார்வைதான் நமக்குக் கிடைக்கிறது. ஏழைத் தாயின் பார்வை கிடைப்பதில்லை.

இன்னொரு விஷயமும் அதே ஆண்டில் நடந்தது. சன்பீம் போன மூன்று மாதத்தில், ஜூனில், 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கன்றுகளின் வாரிசுகள்தான் பிறகு லட்சக்கணக்கான தமிழர்களை இந்த நாட்டுக்கு இழுத்து வந்தன. நீங்கள் இன்று கிள்ளானில் இருந்து இதைப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புத்தகம் ஏன் அப்படி விற்றது?

1877 மே மாதக் கடைசியில் சன்பீம் ஊர் திரும்பியது. மொத்தம் பதினொரு மாதம். அடுத்த ஆண்டு அன்னாவின் புத்தகம் வந்தது. பதிப்புக்கு மேல் பதிப்பு. குறைந்தது ஐந்து மொழிகளில் மொழிபெயர்ப்பு. பிள்ளைகள் படிக்கச் சுருக்கிய பதிப்பும், சாதாரணக் குடும்பங்கள் வாங்கும்படி ஆறு பென்னி விலையில் மலிவுப் பதிப்பும் வந்தன.

அதுவரைக்கும் கடல் புத்தகம் என்றால் பெரும்பாலும் ஆண்கள் எழுதியது. புயல், போர், புதிய நிலம், இவ்வளவுதான். அன்னா எழுதியது வேற மாதிரி. சமையலறைக்கு என்ன காய் வாங்கினோம், குழந்தை எப்படித் தூங்கினாள், அங்காடியில் மீன் என்ன நிறம், பணிப்பெண்ணுக்கு உடம்பு எப்படி என்று எழுதினார். படித்தவர்களுக்கு வீடே கடலில் நகர்வது மாதிரி இருந்தது. இன்றைக்குப் படகு வாழ்க்கைக் காணொளி போடுகிறவர்கள் செய்வதும் அதேதான். குளிக்கத் தண்ணீர் எவ்வளவு, அடுப்பு எப்படி, துணி எங்கே காயப்போடுறோம் என்பதைத்தானே நாம் ஆசையாகப் பார்க்கிறோம்?

பேரும் புகழும் வந்த பிறகு அதை அவர் ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தினார். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் முதலுதவிப் பயிற்சியைப் போகும் ஊர்களில் எல்லாம் பரப்பப் பேசினார். மருத்துவர் இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ரத்தத்தை நிறுத்தவும் கட்டுப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். நடுக்கடலில் பிள்ளை வளர்த்தவருக்கு அது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. பள்ளியில் அந்தச் சீருடை போட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீங்க.

கடைசிப் பயணம்

1886இல் கணவர் பிரபு ஆனார். அன்னா லேடி பிராஸி என்று ஏற்கனவே அறியப்பட்டவர். அந்த ஆண்டு நவம்பரில் சன்பீம் மீண்டும் கிழக்கு நோக்கிக் கிளம்பியது. அன்னாவுக்கு 47 வயது. மார்புச் சளி விடவில்லை, மலேரியாக் காய்ச்சலும் பல ஆண்டுகளாக வந்து வந்து போனது. வெப்பமும் கடல் காற்றும் மார்புக்கு நல்லது என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் இருந்தது. ஆனால் அந்த வெப்பமான கரைகளில்தான் காய்ச்சல் காத்திருந்தது. மார்புக்குப் பயந்து எந்த ஊருக்கு ஓடினாரோ, அந்த ஊரின் கொசு அவரை விடவில்லை.

இந்தியா, இலங்கை, பர்மா, சிங்கப்பூர் வழியாக 1887இல் போர்னியோவுக்கு வந்தார். சரவாக்கின் கூச்சிங், லபுவான், அப்போது ஆங்கிலக் கம்பெனி ஆண்ட வட போர்னியோவின் சண்டாக்கான். இன்றைய சபாவில் உள்ள மாடாய் குகைகளையும் பார்த்தார். சூப்புக்கு எடுக்கும் பறவைக்கூடுகளுக்குப் பேர்போன குகைகள் அவை. ஆரோக்கியமானவர்களுக்கே மூச்சு வாங்கும் வழி.

பிறகு ஆஸ்திரேலியா. ஊர் ஊராக வரவேற்பு, முதலுதவிக் கூட்டங்கள். உடம்பு இறங்கிக்கொண்டே போனது. வடக்குக் கரையின் டார்வின் துறைமுகத்தை விட்டு மொரிஷியஸ் நோக்கிக் கப்பல் திரும்பியபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. 1887 செப்டம்பர் 14 அன்று, கணவரும் மகள்களும் பக்கத்தில் இருக்க, கப்பலிலேயே இறந்தார். இந்தியப் பெருங்கடலின் நடுவில் கரைக்குப் போக வழியில்லை. அன்று சூரியன் மறையும் நேரத்தில் உடலைக் கடலிலேயே இறக்கினார்கள்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதை இந்தியாவில், செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல், அன்னா இறந்து பத்து ஆண்டு கழித்து. அந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு மலேரியாவை உலகத்தில் முதன்முதலில் விரட்டிக் காட்டிய ஊர்களில் ஒன்று எது தெரியுமா? உங்கள் கிள்ளான்.

1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் சரசரவென்று பரவி வேலை நின்றுபோகும் நிலை. மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியவைத்தார், புதரை வெட்டினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பிறகு அதே வேலை தோட்டங்களுக்கும் போனது. தோட்டங்களில் காய்ச்சலுக்கு அள்ளிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சன்பீமின் சீமாட்டியையும் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளியையும் கொன்றது ஒரே நோய். அவர் போன தேதியும் இடமும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

பிறகு என்ன ஆனது?

அன்னா பாதியில் விட்ட கடைசிப் பயணக் குறிப்புகள் 1889இல் புத்தகமாக வந்தன. சன்பீம் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஓடியது. முதல் உலகப் போரில் வயதான பிராஸி பிரபு அதைக் காயம்பட்டவர்களுக்காகக் கொடுத்தார், மருத்துவக் கப்பலாகவும் இருந்தது. 1929இல் அதை உடைத்தார்கள்.

அன்னா சேர்த்த பொருள்களில் பல இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே 'தர்பார் மண்டபம்' என்று ஒன்று இருக்கிறது. 1886இல் லண்டனில் நடந்த காலனிகள், இந்தியா கண்காட்சிக்காக பஞ்சாபைச் சேர்ந்த தச்சர்கள் செதுக்கிய மரவேலை அது. பிராஸி குடும்பம் அதை வாங்கித் தங்கள் வீட்டில் பொருத்தியிருந்தது.

மகள்களில் ஒருத்தி முரியல். நான்கு வயதில் உலகம் சுற்றியவள். பெரியவளானதும் டி லா வார் சீமாட்டி ஆனாள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்துக்குத் துணை நின்றாள். சென்னை அடையாற்றில் இருந்து இங்கிலாந்து போன இளைஞர் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு விம்பிள்டனில் தங்க இடம் கொடுத்த வீட்டிலும் அவள்தான் இருந்தாள். அடிமை ஊர்களைச் சீமாட்டியின் மகளாகச் சுற்றிப் பார்த்தவள், பின்னாளில் அடுத்தவர் உரிமைக்காகக் காசு கொடுத்தாள். பயணம் எல்லாரையும் மாற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலரை மாற்றும்.

சரி, நீங்களும் படகில் கிளம்பலாமா?

கிளம்பலாம். இன்றைக்கு அதற்கு ரயில்வே முதலாளியின் மருமகளாகப் பிறக்கணும், வாழணும் என்பதில்லை. கிள்ளான் ஆற்று முகத்தில் ராயல் சிலாங்கூர் படகு மன்றம் இருக்கிறது. நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டி கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி பினாங்கு வழியாக லங்காவி வரை போகும். 1990இல் இருந்து நடக்கிறது. ஒரு வகையில் சன்பீம் போன அதே தடம்தான்.

ஆனால் காணொளியைப் பார்த்துட்டு உடனே வேலையை விட்டுடாதீங்க. அன்னாவிடம் முப்பது வேலையாட்களும் முடியாத பணமும் இருந்தன. அப்படியும் குமட்டல், வெள்ளம், தண்ணீர்ப் பஞ்சம், காய்ச்சல் எதுவும் அவரை விட்டுவைக்கவில்லை. அவர் நமக்கு விட்டுப்போனது ஒரு நல்ல பழக்கம். எங்கே போனாலும் விடியும் முன் எழுந்து, பார்த்ததை எழுதி வைத்தார்.

அதை நீங்கள் இன்றைக்கே செய்யலாம், படகு தேவை இல்லை. வீட்டில் வயதான பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்களுடைய அப்பா அம்மா எந்தக் கப்பலில் வந்தாங்க, எத்தனை நாள் ஆச்சு, தளத்தில் என்ன சாப்பிட்டாங்க, முதலில் எந்தத் தோட்டத்துக்குப் போனாங்கன்னு கேளுங்க. கைப்பேசியில் பதிவு செய்யுங்க. 1877இல் இந்தக் கடலைக் கடந்தவர்களில் அன்னாவின் கதை புத்தகமாக இருக்கிறது. மற்றவர்கள் கதையில் மிச்சம் இருப்பது உங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.